கோழிக்கூட்டைத் தேடி வரும் கபரகொய்யா: என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் வீடு வத்தளை, ஹெந்தளையில் கால்வாய்க்கரையை ஒட்டி இருக்கிறது. மூன்று மாதமாக ஐந்தடி நீளத்தில், கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளி விழுந்த ஒரு பிராணி வளவுக்குள் வருகிறது. உடும்பு, கபரகொய்யா, முதலைக்குட்டி என்று வீட்டில் ஆளுக்கொரு கருத்து. கூட்டில் முட்டை மிஞ்சுவதில்லை. ஏழு குஞ்சில் நான்கு போய்விட்டது. நாலு வயதில் மகன் இருக்கிறான். அதன் மூச்சே நஞ்சு, வால் பட்ட இடம் அழுகும் என்கிறார் பக்கத்து வீட்டு ஆச்சி. தூண்டில் போட்டுப் பிடித்துத் தூரத்தில் விடலாம் என்கிறார் கணவரின் தம்பி. நாய் ஒன்று வளர்த்தால் போதும் என்கிறார் மாமனார். சென்ற கிழமை அது கிணற்றுக்குள் விழுந்து, அயலவர்கள் வெளியே எடுத்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? தென்னைக்குப் பின்னால் உள்ள புற்றைக் கொத்தியபோது வெள்ளை முட்டைகளும் சில தெரிந்தன. அவற்றை என்ன செய்வது?
— வாசகி, ஹெந்தளை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளத்துக்கு அது கபரகொய்யாதான். நீருடும்பு என்றும் சொல்வார்கள். அறிவியற் பெயர் வரானஸ் சல்வேட்டர். ஆனாலும் கால்வாய்க்கரையில் இருப்பவர் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. உங்கள் ஊரை ஒட்டிய முத்துராஜவெல சதுப்பில் முதலையும் உண்டு. கபரகொய்யாவை முதலை என்று நினைத்துப் பயந்தால் பெரிய நட்டமில்லை. முதலையைக் கபரகொய்யா என்று நினைத்துவிடக் கூடாது.

நாக்கைப் பாருங்கள். கபரகொய்யா நடக்கும்போதும் நீந்தும்போதும் பிளந்த நீள நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். முதலை நாக்கை நீட்டவே நீட்டாது. முதலை தண்ணீரில் அசையாமல் மிதக்கும். மூக்கும் கண்ணும் முதுகின் ஒரு கீற்றும் மட்டும் மேலே தெரியும். கபரகொய்யா சும்மா மிதந்து கிடப்பது குறைவு. நான்கு காலையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, வாலைப் பாம்பு போல வளைத்து வளைத்து ஒரு திசையில் போய்க்கொண்டிருக்கும். கழுத்தும் நீளம். முதலைக்குக் கழுத்து இருப்பதே தெரியாது.

உடும்பிலிருந்து பிரித்தறிய மூக்குத் துவாரம் போதும். கபரகொய்யாவுக்கு அது முகத்தின் நுனியை ஒட்டி வட்டமாக இருக்கும். மூக்கை மட்டும் வெளியே நீட்டி மூச்செடுக்க வசதியான இடம் அதுதான். தரையில் திரியும் உடும்புக்கு அது சரிந்த கீறல் போல, கண்ணுக்கும் முக நுனிக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கும். உடும்பு மங்கிய மண் நிறம். கபரகொய்யா கறுப்பு; முதுகில் மஞ்சள் புள்ளிகள் குறுக்கு வரிசையாக ஓடும், வயிறு மஞ்சள். வயது ஏற ஏறப் புள்ளி மங்கும் என்பதால் கிழட்டுக் கபரகொய்யாவை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. அப்போதும் மூக்கு பொய் சொல்லாது. (தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: உங்கள் ஊரில் வயலிலும் புதரிலும் காண்பது உடும்பு. இந்தியாவில் கபரகொய்யாவைப் பார்க்க அந்தமான், சுந்தரவனம், ஒடிசாவின் பிதர்கனிகா போன்ற இடங்களுக்குப் போக வேண்டும்.)

ஐந்தடி என்பது இதற்குப் பெரிய அளவல்ல. வளர்ந்தவை ஐந்திலிருந்து ஆறரை அடி வரை சாதாரணமாகவே இருக்கும். உலகத்தில் அளந்து பதிவு செய்தவற்றில் மிக நீளமானது கண்டியில் கிடைத்தது, 3.21 மீற்றர். கொமோடோ உடும்பை விட்டால் உடற்பருமனில் இதுதான் அடுத்தது.

இனி அது ஏன் உங்கள் வளவுக்கு வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாம் இதைப் பொறுத்தே நிற்கிறது. முத்துராஜவெலயும் நீர்கொழும்புக் களப்பும் சேர்ந்து ஏறக்குறைய 6,200 ஹெக்டேயர். சதுப்பு, கண்டல், உவர்நீர், கால்வாய் எல்லாம் ஒன்றோடொன்று கலந்த இடம். கபரகொய்யாவுக்கு வேண்டியவை நான்கு: ஒளிந்துகொள்ளத் தண்ணீர், பொந்து தோண்ட மண்கரை, காலையில் உடம்பைச் சூடேற்ற வெயில் விழும் இடம், தின்ன ஏதாவது. முதல் மூன்றும் உங்கள் கால்வாய்க்கரையிலேயே இருக்கின்றன. அவற்றை நீங்கள் மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. நான்காவதை நீங்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். காலையில் வெயில் காய்ந்து உடம்பு சூடேறியதும் அது ஒரு சுற்றுப் புறப்படும்: நண்டு, மீன், தவளை, எலி, பாம்பு, செத்த நாய், மீன் வெட்டிய கழிவு, எது வாசம் அடித்தாலும். நாக்கு காற்றிலிருந்து எடுத்துவரும் வாசனைத் துகள்களை மேலண்ணத்தில் உள்ள ஓர் உறுப்பு ஆராயும். உங்கள் வளவு அந்தச் சுற்றில் ஒரு தரிப்பிடம் ஆகிவிட்டது. ஒருமுறை முட்டை கிடைத்த இடத்தை அது மறக்காது.

ஆகவே முதலில் விரட்டப் போகாதீர்கள். மூன்று நாள் கவனியுங்கள். எத்தனை மணிக்கு வருகிறது, வேலியில் எந்த இடத்தால் நுழைகிறது, முதலில் எங்கே போகிறது, எவ்வழியாகத் திரும்புகிறது என்று எழுதிவையுங்கள். பெரும்பாலும் ஒரே பாதையாக இருக்கும். நேரே கோழிக்கூட்டுக்குப் போனால் பிரச்சினை கூடு. மீன் கழுவும் இடத்துக்கோ நாயின் சோற்றுத் தட்டுக்கோ கூட்டெருக் குவியலுக்கோ முதலில் போய்விட்டுக் கூட்டுப் பக்கம் வந்தால், கூட்டை எவ்வளவு பலப்படுத்தினாலும் வரவு நிற்காது.

சமையற்கட்டுப் பக்கத்தை ஒரே நாளில் திருத்திவிடலாம். மீன் செதில், குடல், தலை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி மூடியுள்ள வாளிக்குள் போட்டு, குப்பை எடுக்கும் நாளன்று காலையில்தான் வெளியே வையுங்கள். முந்தின இரவு குளிர்பெட்டியில் வைத்தால் வாசமே எழாது. அதைக் கால்வாய்க்குள் எறிவதுதான் கெட்ட பழக்கம். கரையோரத்தில் சாப்பாடு மிதக்கிறது என்று அதற்கு நாமே சொல்லிக்கொடுப்பதாகும். கூட்டெருக் குவியலில் மீன், இறைச்சி, முட்டைக் கோது போட வேண்டாம். செத்த குஞ்சை இரண்டடி ஆழத்தில் புதைத்து மேலே கல் வையுங்கள். அயல்வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கைக்கு மீன் தலை எறிகிறார்களா என்றும் விசாரியுங்கள். ஒரு வீடு ஊட்ட, மற்ற நான்கு வீடு விரட்டினால் பலன் இல்லை.

கோழிக்கூட்டில்தான் அதிக வேலை. இரவில் கூட்டைப் பூட்டுவதே நம் வழக்கம். மரநாய்க்கு அது சரி. கபரகொய்யா பகற் பிராணி. எட்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் கூடு திறந்திருந்தால் இரவுப் பூட்டால் என்ன பயன்? முட்டையைக் காலை பத்து மணிக்கு ஒருதரம், பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருதரம் எடுங்கள். கோழிகளைப் பிற்பகல் நாலரைக்குப் பிறகு, யாராவது முற்றத்தில் நிற்கும்போது மேயவிடுங்கள். குஞ்சுகளை இரண்டு மாதம் ஆகும்வரை வெளியே விட வேண்டாம்.

வலை விஷயத்தில் மலிவைப் பார்க்காதீர்கள். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலையை அது நகத்தால் இழுத்துக் கிழித்துவிடும். பற்றவைத்த கம்பிவலை, அதாவது வெல்ட் மெஷ், அரை அங்குலக் கண்ணுள்ளதாக வாங்குங்கள். இரண்டு அங்குலக் கண் பெரிய கபரகொய்யாவைத் தடுக்கும். குட்டி உள்ளே போய் முட்டையையும் பொரித்த குஞ்சையும் தின்னும். வலையை மரச்சட்டத்தின் வெளிப்பக்கமாக அடியுங்கள். உட்பக்கம் அடித்தால் வெளியிலிருந்து தள்ளத் தள்ள ஆணி கழன்றுவிடும். கீழ்விளிம்பை ஓரடி மண்ணுக்குள் இறக்கி, அங்கிருந்து வெளிப்புறமாக இன்னும் ஓரடி மடித்துப் படுக்கவைத்து மண் போட்டு மூடுங்கள். தோண்டும் பிராணி சுவரின் அடியில்தான் தோண்டத் தொடங்கும்; படுத்திருக்கும் கம்பி நகத்தில் தட்டியதும் அது பின்வாங்கித் தோண்டும் அளவுக்கு யோசிப்பதில்லை. கதவின் கீழ் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மேற்கூரையையும் மூடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இது மரம் ஏறும். பக்கத்துக் கிளையிலிருந்து உள்ளே இறங்கிவிடும்.

காலில் நிற்கும் கூடானால் தரையிலிருந்து மூன்றடி உயர்த்தி, ஒவ்வொரு காலிலும் இரண்டடி நீளத்துக்கு வழவழப்பான தகரத்தைச் சுற்றுங்கள். உடும்புப்பிடி என்று நாம் சொல்வது அதன் நகத்தைப் பற்றியது. பிடிக்க ஒரு சொரசொரப்புக் கிடைத்தால் ஏறிவிடும், தகரத்தில் வழுக்கும். வேலிக்கும் இதே கணக்குத்தான்: கம்பிவலை வேலி அதற்கு ஏணி. நுழையும் இடத்தில் மட்டும் மூன்றடித் தகரத்தை ஓரடி புதைத்து நிறுத்தினால் போதும். கால்வாய்ப் பக்கம் முழுவதையும் அடைத்துவிடாதீர்கள். மழை வெள்ளம் வடிய வழி வேண்டும். வெள்ள நாட்களில் மேட்டைத் தேடி வரும் கபரகொய்யாவும் திரும்பிப் போக வழியின்றி வளவுக்குள் அடைபடும். வடிகான் வாயில் ஓரங்குல இடைவெளியில் கம்பிக் கிராதி போட்டு, மழைக்கு முன் குப்பையை வாரிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் அது சில கிழமைக்கு வரும். முதல் நாட்களில் முன்னையிலும் கூடுதலாகக் கூட்டைப் பிறாண்டும், சுற்றிச் சுற்றி வரும். 'ஒன்றும் பலிக்கவில்லை' என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில். அந்த நேரத்தில் ஒரேயொரு முட்டை கிடைத்தாலும் பழைய கணக்கு மறுபடி தொடங்கும். மண்ணெண்ணெய், பினாயில், பூச்சி உருண்டை, கந்தகம் எதையும் தெளிக்க வேண்டாம். அழுகிய நாயின் உள்ளே தலையை விட்டுத் தின்னும் பிராணிக்குப் பினாயில் வாசம் ஒரு பொருட்டில்லை. கிணற்றுக்கும் கோழிக்கும்தான் கேடு. தகரத்தைத் தட்டினால் இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் திரும்பிப் பார்க்கும்.

தூண்டில் யோசனையை உங்கள் மைத்துனர் விட்டுவிட வேண்டும். விழுங்கிய தூண்டில் குடலைக் கிழித்து, அது நாட்கணக்கில் வதைபட்டுச் சாகும். சுருக்குப் போட்டால் ஐந்தடி உடம்பு முழுவதும் முறுக்கித் திரும்பும். வால் ஒரு பக்கம், நகம் ஒரு பக்கம், பல் ஒரு பக்கம். 'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்' என்ற பழமொழி அனுபவப்பட்டவர் சொன்னது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இது பாதுகாக்கப்பட்ட பிராணி. பிடிப்பதும் கொல்வதும் குற்றம். குற்றம் என்பதை ஒதுக்கிவைத்தாலும், தூரத்தில் கொண்டுபோய் விடுவதால் பயன் இல்லை. விட்ட இடத்தில் ஏற்கெனவே வேறு கபரகொய்யாக்கள் இருக்கும். புதிதாக வந்தது பொந்தும் தெரியாது, இரையிடமும் தெரியாது அலையும், தெருவில் அடிபடும். இங்கே காலியான இடத்துக்குக் கால்வாயிலிருந்து அடுத்தது வரும், ஏனெனில் முட்டை அங்கேயேதான் இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்து வெளியேறாமல் நின்றாலோ, காயப்பட்டுக் கிடந்தாலோ வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அவர்கள் வரும்வரை அந்த அறையின் வெளிக்கதவைத் திறந்து, உட்கதவைச் சாத்தி, ஆட்கள் விலகி நின்றால் பெரும்பாலும் தானே போய்விடும்.

மகனைப் பற்றிய பயம் நியாயமானது. ஆனால் அதைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். கபரகொய்யா மனிதரை இரையாகப் பார்ப்பதில்லை. கடித்த சம்பவங்களில் பெரும்பாலும் பிடிக்கப் போனவரோ, மூலையில் மடக்கியவரோ, கையால் தீனி கொடுத்தவரோதான் மாட்டுகிறார். நாலு வயதுப் பிள்ளைக்குக் கால்வாய்த் தண்ணீரும் முதலையும் இதைவிடப் பல மடங்கு ஆபத்து; கரைக்குப் போகும் படலையைப் பூட்டியே வையுங்கள். 'கண்டால் ஓடிவந்து சொல், கிட்டப் போகாதே, கல் எறியாதே' என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். தொண்டையை ஊதி, உடம்பைத் தட்டையாக்கி, சீறி, வாலை ஒரு பக்கமாக வளைத்து வைத்தால் அடிக்கத் தயார் என்று பொருள். அப்போது நீங்களும் பின்வாங்குங்கள். தண்ணீர்ப் பக்கம் போகும் வழியை மறித்து நிற்காதீர்கள். அது ஓடப் பார்ப்பது அந்தப் பக்கம்தான். விரட்ட வேண்டியே வந்தால் மூன்று நான்கு மீற்றர் தள்ளி நின்று நீளத் தும்புத்தடியால் நிலத்தைத் தட்டுங்கள்.

நாய் வளர்க்கும் யோசனையும் வேண்டாம். 1681இல் ராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்தப் பிராணியைப் பற்றி எழுதியபோதே, செத்த பிராணியைத் தின்னும் இடத்தில் கிட்ட வரும் நாய்களை இது சவுக்கு வாலால் விளாசி அலறி ஓடவைக்கும் என்று குறித்திருக்கிறார். நாய்க்குக் கண் போகலாம். நாய்கள் கூட்டமாகச் சேர்ந்தால் கபரகொய்யா சாகலாம். இரண்டும் உங்களுக்கு வேண்டாதவை.

ஆச்சி சொல்வதில் மூச்சு நஞ்சு என்பது உண்மையல்ல. வால் பட்ட இடம் அழுகாது, தழும்பும், தோல் கிழியலாம். கபரகொய்யாக் கொழுப்பில் 'கபர தெல்' என்ற நஞ்சு செய்வதாகச் சிங்களவரிடையே பழைய நம்பிக்கை உண்டு. உடும்பை உண்பார்கள், கபரகொய்யாவைத் தொட மாட்டார்கள். அந்த அச்சத்தின் நிழல்தான் ஆச்சியின் பேச்சில் இருக்கிறது. இவ்வின உடும்புகளின் கீழ்த்தாடைச் சுரப்பிகளில் நஞ்சு போன்ற புரதங்கள் இருப்பதாக ஆய்வாளர் கூறுகிறார்கள். அதன் பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. கடிபட்டவருக்கு உண்மையான சிக்கல் கிழிந்த ஆழக் காயமும் அதில் ஏறும் கிருமியும்தான்.

கடித்தால், பிடித்த கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். பல் பின்னோக்கி வளைந்தது. இழுத்தால் சதை கிழியும். விட்டதும் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு வைக்க வேண்டாம். ஏற்பூசியும் (டெட்டனஸ் தடுப்பூசி), காயத்தைப் பொறுத்து நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் வைத்தியர் தருவார். விசர்நாய்க்கடி ஊசி இதற்குத் தேவைப்படாது, ஏனெனில் அந்த நோய் பாலூட்டிகளுக்கு உரியது. ஊர்வன அதைப் பரப்புவதில்லை. பாம்புக்கடி மருந்தும் தேவையில்லை. ஆனால் கடித்தது எது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

கிணற்றுக்கு வருவோம். உயிரோடு விழுந்து உயிரோடு வெளியேறியிருந்தால் கிணற்றை இறைத்துக் காயவைக்க வேண்டியதில்லை. ஊர்வனவின் கழிவில் வயிற்றோட்டம் உண்டாக்கும் சல்மொனெல்லாக் கிருமி இருக்கக்கூடும். எனவே குளோரின் இடும்வரை கொதிக்கவைத்த தண்ணீரையே குடியுங்கள். அளவு இப்படி: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை நீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785ஆல் பெருக்கினால் கனமீற்றர் வரும். ஒன்றரை மீற்றர் விட்டமும் இரண்டு மீற்றர் நீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 3,500 லீற்றர். 33 வீதம் குளோரின் உள்ள புதிய தூள் 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் என்ற கணக்கில் 9 கிராம் வேண்டும். தூளை நேரே கொட்டாதீர்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பிறகு முக்கால் வாளி வரை நிரப்பிப் பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும். தெளிந்த நீரை மட்டும் இன்னொரு வாளியில் வார்த்து, கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக அசைத்துக் கலந்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாவியுங்கள். திறந்து நெடுநாள் கிடந்த தூளில் குளோரின் பறந்துபோயிருக்கும். அது வெறும் சுண்ணாம்பு. உள்ளே செத்து ஊறியிருந்தால் கதை வேறு: இறைத்து, அடிச் சேற்றை அள்ளி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் மருந்திட வேண்டும். இனி விழாதிருக்கக் கிணற்றுக் கட்டை மூன்றடி உயர்த்தி வெளிப்பக்கம் வழவழப்பாகப் பூசி, மேலே கம்பிவலை மூடி போடுங்கள். மறுபடி விழுந்தால் கயிற்றால் கட்டி இழுக்காமல், சாக்குச் சுற்றிய கமுகந்தடி ஒன்றைச் சரிவாக இறக்கிவிட்டு எல்லோரும் விலகி நில்லுங்கள். தானே ஏறிவரும்.

புற்றில் கண்ட முட்டைகள் கபரகொய்யாவுடையவையாக இருக்கலாம். புற்றில் முட்டையிடுவது அதன் வழக்கம். உள்ளே சூடும் ஈரமும் மாறாமல் இருக்கும். கோழிமுட்டை போல ஓடு கடினமாக இராது, தோல் போல மெத்தென்று, நீள்வட்டமாக இருக்கும். பாம்பு முட்டையாகவும் இருக்கலாம் என்பதால் கையை விட வேண்டாம். எடுத்து வேறிடத்தில் வைக்கவும் வேண்டாம். கோழிமுட்டையைத் திருப்பித் திருப்பி வைத்தால்தான் குஞ்சு பொரிக்கும். ஊர்வனவின் முட்டையில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டி வளர்வதால், திருப்பினால் கரு செத்துவிடும். கொத்திய மண்ணை அப்படியே மெதுவாகத் தள்ளி மூடி, மேலே காய்ந்த ஓலை போட்டு, அந்த இடத்தில் கொத்துவதை நிறுத்துங்கள். தாய் காவல் காத்து வளர்ப்பதில்லை. பொரிக்க ஆறு மாதத்திலிருந்து பத்து மாதம் வரை ஆகும். வெளிவரும் குட்டி ஓரடிக்குச் சற்றுக் குறைவு, பளிச்சென்ற மஞ்சள் புள்ளியோடு இருக்கும். வந்த கையோடு மரத்திலோ கால்வாய்ப் புதரிலோ மறைந்துவிடும். அந்த நாட்களில் கோழிகளைப் புற்றுப் பக்கம் மேயவிடாதீர்கள். அப்போது குட்டியால் கோழிக்கு ஆபத்தில்லை, கோழியால்தான் குட்டிக்கு ஆபத்து.